சந்தேகத்தோட ஜெபிக்கிறது பொய்யா?

மானிப்பாய்_மருமகள் | செவ்வாய், இரவு 10.20

கனநாளா இங்க வாசிக்கிறனான், எழுதினதில்லை. இண்டைக்கு நித்திரை வரேல்லை, அதால எழுதிறன்.

என்ர அவருக்கு ரெண்டு சிறுநீரகமும் போட்டுது. ரெண்டு வருசமாக் கிழமைக்கு ரெண்டுதரம் பெரியாஸ்பத்திரியில இரத்தம் சுத்திகரிக்கிற மிசினில ஏத்தினம். ஒருக்கா ஏத்தினால் நாலு மணித்தியாலம். அவற்ற அக்கா, என்ர மச்சாள், தன்ர ஒண்டைத் தாறன் எண்டு நிக்கிறா. இரத்த வகை பொருந்துது, மிச்சச் சோதினையள் முடியேல்லை. காசும் முடிஞ்சுபோச்சு. மூத்தவள் இந்த வருசம் சாதாரணதரச் சோதினை எடுக்கிறாள்.

போன கிழமை ஒரு சுகமளிக்கிற கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்கள், போனனாங்கள். தலையில கை வைச்சு ஜெபிச்சுப்போட்டு அந்தப் போதகர் என்னைத் தனியக் கூப்பிட்டு, "சகோதரி, உங்கட வீட்டில அவிசுவாசம் இருக்கு, அதுதான் தடை" எண்டார். தலையாட்டிப்போட்டு வந்திட்டன். வந்து பின்வளவில கிணத்தடியில நிண்டு அழுதனான்.

அழுததுக்குக் காரணம் அவர் பிழையாச் சொன்னதில்லை. அவர் சொன்னது சரி. சுகம் தாரும் எண்டு வாய் கேக்குது, மனம் செத்தவீட்டுச் செலவைக் கணக்குப் பாக்குது. எபிரெயர் 11:1 இல "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" எண்டு கிடக்கு. எனக்கு உறுதியும் இல்லை, நிச்சயமும் இல்லை. அப்ப நான் முழங்காலில நிக்கிறது கர்த்தருக்குப் பொய் சொல்லுறதோ?

வேதம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் சொல்லுங்கோ. "கவலைப்படாதேங்கோ, எல்லாம் சரிவரும்" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. அது கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.

ஜெயம்_தருவார் | செவ்வாய், இரவு 10.41

சகோதரி, கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துக்கள். அந்த ஊழியக்காரர் உங்களை நோகடிக்கச் சொல்லியிருக்க மாட்டார். வேதமே சொல்கிறது, யாக்கோபு 1:6: "எவ்வளவாகிலும் சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்." சந்தேகப்படுகிறவன் கடல் அலைக்கு ஒப்பானவன். வாயால் அறிக்கை செய்யுங்கள். "என் கணவர் சுகமாகிவிட்டார்" என்று இறந்தகாலத்தில் சொல்லிப் பழகுங்கள். செத்தவீடு என்ற சொல்லையே நாவில் எடுக்காதீர்கள்.

என் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி இருந்தது. மூன்று நாள் உபவாசம். அடுத்த ஸ்கானில் கட்டி இல்லை. நான் கண்ணால் பார்த்த சாட்சி இது.

வார்ட்_அக்கா | செவ்வாய், இரவு 10.58

வேதம் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். நான் 19 வருசமா நேர்ஸ், அதைப் பற்றிச் சொல்லுறன்.

தங்கச்சி, ஆர் என்ன சொன்னாலும் மிசினில ஏத்திற ஒரு முறையையும் விடாதேங்கோ. "சுகமாகிட்டார்" எண்டு இறந்தகாலத்தில அறிக்கை செய்துபோட்டு வீட்டில நிண்டுகொண்ட ஆக்களை மூச்சிழுக்க இழுக்கக் கொண்டுவந்து போட்டதைக் கண்டிருக்கிறன். நுரையீரலில தண்ணி. பொட்டாசியம் ஏறினால் இன்னும் மோசம், இதயம் ஒரு சொல்லும் சொல்லாமல் நிண்டுபோம்.

இளநீர் குடுக்காதேங்கோ. சூட்டுக்கு நல்லது எண்டு சொந்தக்காரர் கொண்டந்து நீட்டுவினம். வாழைப்பழமும் அப்பிடித்தான். மரக்கறியைச் சின்னனா வெட்டி, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சமையுங்கோ.

பிறகு உங்கட ஊரிலயே பாருங்கோ. மானிப்பாயில 1848 இல கிறீன் வைத்தியர் ஆஸ்பத்திரி துவங்கினவர், எங்கட பெடியளுக்குத் தமிழிலயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பிச்சவர். மிசனரியாத்தான் வந்தவர். அமெரிக்காவில இருக்கிற அவற்ற கல்லறையில "தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர்" எண்டு பொருள்பட எழுதிக் கிடக்கு. மருந்தை அவிசுவாசம் எண்டு அந்த மனுசன் நினைச்சிருந்தால் எங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரியும் வந்திராது.

பனிக்குள்ள_பனங்காய் | செவ்வாய், இரவு 11.15

ஸ்காபரோவில இருந்து. இங்க மத்தியானம், வேலைத்தலத்தில ஒளிச்சிருந்து எழுதிறன்.

ஜெயம் தம்பி, யாக்கோபு 1:6 ஐத் தூக்க முதல் 1:5 ஐயும் வாசியும். அங்க கேக்கச் சொல்லுறது ஞானத்தை. "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்" எண்டுதான் வசனம் துவங்குது. அதை வெட்டி எடுத்துச் சிறுநீரகத்தில ஒட்டேலாது.

இன்னொண்டு. பவுல் தன்ர கடைசிக் கடிதத்தில "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" எண்டு எழுதிறார் (2 தீமோத்தேயு 4:20). பவுலின்ர கைக்குட்டையை வைச்சே சுகமான ஆக்கள் இருந்தவை. துரோப்பீமுவுக்கு ஏன் சுகம் வரேல்லை? ஆற்ற அவிசுவாசம்? பவுலின்ரயோ?

ஜெயம்_தருவார் | செவ்வாய், இரவு 11.22

அண்ணா, யாக்கோபு 5:15 ஐயும் வாசியுங்கள். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்." அங்கே பிணியாளி என்றே இருக்கிறது.

பனிக்குள்ள_பனங்காய் | செவ்வாய், இரவு 11.30

இருக்கு, மறுக்கேல்லை. ஆனா அங்க ஜெபிக்கிறது சபை மூப்பர். விசுவாசம் அவையளிட்டக் கேக்கப்படுது, படுக்கையில கிடக்கிறவனிட்டயோ அவன்ர மனுசியிட்டயோ இல்லை. அப்ப அந்தப் போதகர் தன்னையெல்லோ கேட்டிருக்கவேணும்?

மேலதிகாரி வாறார், போட்டு வாறன்.

ஓய்வுபெற்ற_மாஸ்ரர் | புதன், காலை 6.05

பிள்ளை, நீங்கள் எடுத்துக் காட்டிய வசனத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "உறுதி."

யாழ்ப்பாணத்தில் உறுதி என்றால் மனத்திடம் ஆருக்கும் முதலில் ஞாபகம் வராது. காணி உறுதிதான் வரும். நொத்தாரிசு எழுதி, சாட்சிகள் கையெழுத்து வைத்து, றங்குப்பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடக்கிற தாள். இந்த வசனத்தை மொழிபெயர்த்தவர் அதை நினைத்திருக்க மாட்டார். ஆனால் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்கிற "ஹுபொஸ்தாசிஸ்" என்ற சொல், எகிப்தில் அகப்பட்ட பழைய பாப்பிரசுத் தாள்களில் சொத்துப் பத்திரங்களோடு சம்பந்தப்பட்டு வருகிறது. அதனால் இந்த இடத்தில் "உரிமைப் பத்திரம்" என்றே பொருள் கொள்ளலாம் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. நான் முதற்கட்சி. நாற்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவனுக்கு ஒரு கட்சி எடுக்க உரிமை இருக்கிறது.

உறுதி வைத்திருக்கிறவன் காணிக்குள்தான் நிற்கிறான் என்றில்லை. காணி வேறொருவன் கையில் இருக்கலாம், பற்றை மூடியிருக்கலாம். அந்தத் தாளைப் பார்த்து ஒருவருக்கும் நெஞ்சு பொங்குவதுமில்லை. ஆனாலும் எறியமாட்டோம்.

எரேமியா 32 ஐ வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதற்காகத்தான் அடைத்தார்கள். அந்த நேரம் தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கு என்கிறான். ஊரை எதிரிப் படை வளைத்து நிற்கையில் காணி விற்க வந்தவன்! அவன் விற்றதில் புதினமில்லை. கர்த்தர் சொன்னார் என்பதற்காக எரேமியா வாங்கினாரே, அதுதான் புதினம். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, உறுதி எழுதுவித்து, அதை மண்பாண்டத்தில் போட்டு வை என்று தன் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார். "அநேகநாளிருக்கும்படிக்கு."

கையெழுத்து வைத்த கையோடு ஜெபிக்கிறார். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று தொடங்குகிற ஜெபம். முடிவைப் பாருங்கள். நகரம் கல்தேயர் கையில் கொடுக்கப்பட்டிருக்க, நீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று கர்த்தரிடமே சொல்லிக் காட்டுகிறார். சந்தேகமா, முறைப்பாடா, நீங்களே பெயர் வையுங்கள். அதுவும் ஜெபத்துக்குள்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் நகரம் விழுந்தது. எரேமியாவைப் பிறகு எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு பிடி தானியம் விதைத்ததாக வேதத்தில் ஓரிடமும் இல்லை.

மயிலிட்டி_மகன் | புதன், காலை 7.48

மாஸ்ரர், பஸ்ஸுக்குள்ள இருந்து வாசிச்சனான். இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிட்டன்.

நாங்கள் 1990 ஆனியில சண்டையால மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்ட ஆக்கள். நாலு நாளில திரும்பலாம் எண்டுதான் அப்பா கதவைப் பூட்டினவர். உறுதியை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள வைச்சு, மூடியைச் சுத்தி சைக்கிள் ரியூப் வெட்டி இறுக்கி, அதைத்தான் ஒவ்வொரு இடமாக் கொண்டு திரிஞ்சவர். மல்லாகத்தில முகாமில இருக்கேக்க மழை வந்தால் பாயை நனைய விடுவார், ரின்னைத் தூக்கிக் கூரைக் கம்பில வைப்பார். அம்மாவுக்கு அதில சரியான கோவம். "அந்தத் தாளையே அவிச்சுத் தின்னுங்கோ" எண்டு ஒருநாள் கத்தினவ.

2009 இல சண்டை முடிஞ்ச பிறகு, காணி விடச் சொல்லிக் கேக்கிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த ரின்னோட போவார். 2014 இல மோசம் போனார். 2017 ஆடியில மயிலிட்டித் துறைமுகத்தோட ஒரு துண்டை ஆமி விட்டாங்கள், எங்கட காணி அதுக்குள்ள. வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. கிணத்துக்கட்டை வைச்சுத்தான் எங்கட வளவு எண்டு அடையாளம் பிடிச்சனாங்கள். ரின்னில இருந்த தாளைக் காட்டித்தான் எல்லை போட்டது.

இதில எனக்கு ஒரு பெரிய சாட்சியும் இல்லை. எங்களுக்குப் பக்கத்துக் குறிச்சி ஆக்கள் இன்னும் வெளியிலதான். அவையளிட்டயும் உறுதி இருக்கு.

மானிப்பாய்_மருமகள் | புதன், பகல் 12.10

மாஸ்ரர், மயிலிட்டி அண்ணா, ரெண்டுபேருக்கும் நன்றி. எழுதவேணும் எண்டு காலமையில இருந்து நினைச்சு இப்பதான் கை ஓய்ஞ்சுது.

1995 இடப்பெயர்வில எனக்கு 15 வயது. ஐப்பசி 30, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லிப் பின்னேரம் அறிவிச்சவங்கள், இரவிரவாச் செம்மணி வெளியால நடை. மழை. நாவற்குழிப் பாலத்தில ஒரு அடிக்கு எவ்வளவு நேரம் நிண்டமெண்டு சொல்லத் தெரியாது. அப்பா சைக்கிள் கரியரில அரிசி கட்டினவர், உறுதியளைப் பொலித்தீனில சுத்தித் தன்ர வயித்தோட சாரத்துக்குள்ள கட்டினவர். அதில என்ர சீதனத்துக்கெண்டு எழுதவிருந்த காணியும் ஒண்டு. அந்தக் கூட்டத்துக்குள்ள அப்பா "கர்த்தர் நடத்துவார்" எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை. "கையை விடாதை" எண்டதைத் தவிர வேற ஒண்டும் சொன்ன ஞாபகமில்லை.

ஆனா மாஸ்ரர், ஒரு கரைச்சல். எரேமியா காணி வாங்கினவர். நான் விக்கப் பாக்கிறன். அந்தச் சீதனக் காணியைத்தான். கண்டியில ஒப்பரேசன், அங்க போய் நிக்கிற செலவு, பிறகு வாழ்நாள் முழுக்கக் குளிசை. எங்கட யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டப்படி என்ர காணியை நான் விக்கிறதெண்டாலும் அவற்ற சம்மதக் கையெழுத்து வேணும். அவர் வைக்கமாட்டன் எண்டு நிக்கிறார். "அது பிள்ளையின்ர. நான் இண்டைக்கோ நாளைக்கோ போறவன், எனக்கெண்டு அதை விக்காதை." நாலு மாசமா இதுதான் வீட்டில சண்டை.

இதைப் போதகருக்கும் சொல்லேல்லை. இங்கதான் முதல் சொல்லுறன்.

கேள்விக்குறி | புதன், பின்னேரம் 4.30

ஆரையும் நோகடிக்க வரேல்லை, ஆனா ஒருத்தர் இதைச் சொல்லவேணும்.

1995 ஆடி 9. நவாலி தேவாலயத்தில குண்டு போட்டாங்கள். அடைக்கலம் தேடிப் போயிருந்த சனம், நூறுக்கு மேல செத்தது. என்ர மாமி அதில தப்பினவ. தண்ணி எடுக்கவெண்டு கொஞ்சம் தள்ளிப் போனவ, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு வந்த பாதிரிமார், பாஸ்ரர்மார், சொந்தக்காரர் எல்லாரும் "கடவுள் உன்னைக் காப்பாத்தினவர்" எண்டு சொல்லுவினம். மாமி ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஒருக்கா மட்டும் கேட்டவ: "எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளையை அவர் காணேல்லையோ?"

இறந்தகாலத்தில அறிக்கை செய்யச் சொல்லுற தம்பி, அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு என்ன அறிக்கை குடுப்பீர்?

நான் கோயிலுக்குப் போறதை விட்டு 20 வருசம். சொல்லிப்போட்டன்.

மட்டுறுத்துநர் | புதன், பின்னேரம் 4.52

சபைகளுக்கிடையில் சண்டை வேண்டாம். தனிப்பட்ட தாக்குதல் இருந்தால் இழை பூட்டப்படும். கேள்விக்குறியின் பதிவு தாக்குதல் அல்ல, அது இருக்கும்.

பாசையூரான் | புதன், இரவு 8.15

கேள்விக்குறி, மாமி பிறகு கோயிலுக்குப் போனவவோ?

கேள்விக்குறி | புதன், இரவு 8.20

ஓம். ஒவ்வொரு ஞாயிறும். கடைசி வாங்கில, கதவோட. ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

பாசையூரான் | புதன், இரவு 9.02

எனக்கு விளங்குது எண்டு சொல்லமாட்டன். எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன்.

2006 ஆவணி 20, அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் சுவாமி காணாமல் போனவர். கூடப் போனவரும்தான். அதுக்கு ஒரு கிழமை முதல், செல் விழேக்க சனத்தைக் கோயிலுக்குள்ள எடுத்து வைச்சிருந்த மனுசன். இண்டைவரைக்கும் ஒரு முடிவும் இல்லை. எங்கட அம்மா இரவுச் செபமாலை முடியச் சுகமில்லாதவைக்கு, வெளிநாட்டில இருக்கிறவைக்கு எண்டு பேர் சொல்லுவா, பிறகு மரித்தவையின்ர பேர் வரும். சுவாமியின்ர பேரைச் சாகும்வரைக்கும் முதல் பக்கத்திலதான் வைச்சிருந்தவ. "எணை, இவ்வளவு வருசமாச்சு" எண்டு நான் சொல்ல, "எனக்கு ஆரும் பிரேதம் காட்டேல்லை" எண்டவ. வேற ஆராய்ச்சி ஒண்டும் இல்லை.

மற்றது, பழைய கதை ஒண்டு. 1658 இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச கையோட எங்கட கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினவங்கள். பூசைக்குத் தடை. யோசேவ் வாஸ் அடிகளார் கோவாவில இருந்து கூலியாள் வேசத்தில வந்து சேர்ந்தது 1687 இல. 29 வருசம். வந்த மனுசன் வயித்தோட்டம் பிடிச்சுச் சாகக் கிடந்தவர். எழும்பி, கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சை எடுத்தவர், அதைக் கண்டு ஆற்ற முகம் மாறுது எண்டு பாக்க. பிறகு சில்லாலையில நிண்டு ரகசியமா ஊழியம். 2015 தை 14 இல பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில அவருக்குப் புனிதர் பட்டம் குடுத்தவர், அண்டைக்கே மடு மாதா கோயிலுக்கும் வந்தவர். நானும் மடுவில வெயிலுக்க நிண்டனான்.

எல்லாரும் வாஸ் அடிகளாரைத்தான் பேசுவினம். நான் யோசிக்கிறது அந்த 29 வருசத்துக்குள்ள செத்துப்போன கிழவியளை. குருவும் இல்லை, பூசையும் இல்லை, இனி வரும் எண்டு நினைக்க ஒரு நியாயமும் இல்லை. ஆனா பேரப்பிள்ளைக்கு அருள்நிறைந்த மரியே சொல்லிக்குடுத்துப்போட்டுத்தான் செத்தவை. அவை சொல்லிக்குடாமல் விட்டிருந்தால் அடிகளார் மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நிக்கேக்க அதென்னண்டு தெரிய ஆர் இருந்திருப்பினம்?

ஓய்வுபெற்ற_மாஸ்ரர் | புதன், இரவு 9.40

பாசையூரானுக்கு நன்றி. அப்போஸ்தலர் 12 ஞாபகம் வருகிறது. அந்த அதிகாரத்தைப் பேதுருவை மட்டும் வைத்துப் பிரசங்கம் பண்ணுவது எங்கள் வழக்கம்: சங்கிலி விழுந்தது, இரும்புக் கதவு தானாகத் திறந்தது. இரண்டாம் வசனத்தைத் தாண்டிவிடுவோம். ஏரோது யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்தான். ஒரே வசனம், முடிந்தது. அதே சபை, அதே கர்த்தர், அதே அதிகாரம். யாக்கோபுக்கு ஏன் கதவு திறக்கவில்லை என்று லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காகவே எனக்கு அந்த மனிதரில் மதிப்பு.

இன்னும் ஒன்று. பேதுருவுக்காக ஊக்கத்தோடு ஜெபித்துக்கொண்டிருந்த வீட்டுக் கதவை பேதுருவே வந்து தட்டுகிறார். ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன மறுமொழி: "நீ பிதற்றுகிறாய்." மருமகள், சந்தேகத்தோடு ஜெபிக்கிறது பொய்யா என்று கேட்டீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களைவிட நீங்கள் ஒன்றும் மோசமில்லை.

காணி விற்கிற விசயத்துக்கு எனக்கு மறுமொழி தெரியாது. மத்தியானம் தொடக்கம் யோசித்தேன். எரேமியாவை உங்கள்மேல் வைத்துக் கட்டியது என் பிழை. உதாரணம் நல்லாய் வந்துவிட்டால் வாத்திமாருக்கு அதை விட மனம் வராது.

ஜெயம்_தருவார் | வியாழன், அதிகாலை 1.17

நித்திரை வரவில்லை.

நான் சொன்ன சாட்சி உண்மை. அம்மாவின் கட்டி மறைந்தது. ஆனால் அதே கிழமை எங்கள் சபையில் இன்னொரு தம்பிக்காகவும் அதே மூன்று நாள் உபவாசம் இருந்தோம். 11 வயது, இரத்தப் புற்றுநோய். அவன் போய்விட்டான். சாட்சி சொல்லும்போது நான் அதைச் சொல்வதில்லை. சொன்னால் சாட்சி கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அவனுடைய அம்மா மூன்றாவது வரிசையில் இருந்து என் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார். கேள்விக்குறி அண்ணா கேட்ட பிறகுதான் அந்த முகம் ஞாபகம் வருகிறது.

கர்த்தர் சுகமாக்குகிறார் என்பதை நான் விடமாட்டேன். ஆனால் சகோதரி, இறந்தகாலத்தில் சொல்லுங்கள் என்று எழுதியதை நான் திரும்ப எடுக்கிறேன். வார்ட் அக்கா சொன்னபடி செய்யுங்கள்.

கேள்விக்குறி | வியாழன், காலை 6.40

தம்பி, மெத்தப் பெரிய மனம். நான் கொஞ்சம் உறைப்பாக் கதைச்சிட்டன்.

மூன்றுசில்லு | வியாழன், காலை 8.30

வணக்கம். நான் சைவம், நல்லூர்ப் பக்கம். தேடினது வேற, வந்து விழுந்தது இங்க. முழுக்க வாசிச்சனான். வசனங்கள் எனக்கு விளங்காது. அக்கா கிழமையில எந்த ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போறவை? நான் ஓட்டோ ஓடுறன். காலமை பள்ளிக்கூடப் பிள்ளையளை இறக்கினால் பத்து மணிமட்டும் சும்மாதான் நிக்கிறது. மானிப்பாய் ஒண்டும் தூரமில்லை. எண்ணெய்க் காசு மட்டும் தந்தால் காணும், இல்லாட்டியும் பரவாயில்லை. திரும்பி வரேக்க அவை களைச்சுப்போய் வருவினம், பஸ்ஸில ஏத்தாதேங்கோ. எங்கட பெரியப்பாவுக்கும் இந்த வருத்தம்தான்.

வார்ட்_அக்கா | வியாழன், காலை 9.05

மூன்றுசில்லுத் தம்பி, நீர் ஒரு ஆள். ஏத்தி முடிய அமுக்கம் விழும், தலை சுத்தும். பஸ்ஸில நிண்டுகொண்டு போறது சரியில்லைத்தான்.

தங்கச்சி, சமூகசேவை உத்தியோகத்தரிட்ட ஒருக்காக் கதையுங்கோ. அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேசனுக்குக் காசு இல்லை. வெளியில செய்யிற சில சோதினை, போய்வாற செலவு, நிண்டு பாக்கிற செலவு, இதுகளுக்குத்தான் காசு. முழுக் காணியையும் விக்கிற அளவுக்கு வருமோ எண்டு முதல் கணக்குப் பாருங்கோ. ஆரும் கணக்குப் பாத்துத் தந்தவையோ, இல்லாட்டி பயத்தில நீங்களே போட்ட கணக்கோ?

பனிக்குள்ள_பனங்காய் | வியாழன், காலை 9.50

இதைத்தான் நானும் கேக்கவிருந்தனான். முதல் கணக்கு வரட்டும். இங்க எங்கட சேர்ச்சில பத்துப் பேரிட்டக் கேக்கலாம், வாக்குத் தரமாட்டன், கேப்பன்.

மாற்கு 2 இல திமிர்வாதக்காரனை நாலுபேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்கினவை எல்லோ. "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" எண்டுதான் வசனம். கட்டிலில கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது எண்டு இயேசு அளந்து பாத்ததா இல்லை. மூன்றுசில்லு ஒரு மூலையைப் பிடிச்சிட்டார், நல்லூர்க் கந்தன் கோவிக்கமாட்டார்.

மூன்றுசில்லு | வியாழன், காலை 10.02

கந்தனோட நான் கதைக்கிறன், நீங்கள் அக்காவின்ர நாளைச் சொல்லுங்கோ.

மானிப்பாய்_மருமகள் | வெள்ளி, இரவு 9.15

செவ்வாயும் வெள்ளியும் தம்பி. இண்டைக்குத்தான் முதல் ஓட்டம், நீர் வந்து ஏத்தினீர், ஆனா மற்றவைக்கும் தெரியட்டும் எண்டு எழுதிறன்.

வார்ட் அக்கா சொன்னமாதிரி உத்தியோகத்தரிட்டப் போனன். கொப்பியில எழுதிக் கணக்குப் பாத்தம். நான் பயத்தில போட்ட கணக்கில அரைவாசிக்குக் கிட்டத்தான் வருது. அதுவும் எங்களிட்ட இல்லாத காசுதான். ஆனா முழுக் காணியும் தேவையில்லை, ரோட்டுக்கரைத் துண்டு மட்டும் காணும்போல. மச்சாளுக்கு அடுத்த சோதினை மாசக் கடைசியில.

இண்டைக்கு நாலு மணித்தியாலமும் பக்கத்தில இருந்தன். பைபிளை எடுத்து "என்ன வாசிக்கட்டும்?" எண்டு கேட்டன். "சும்மா துற" எண்டார். சங்கீதம் 88 வந்துது. வாசிச்சுக்கொண்டு போக, எப்ப நல்ல வசனம் வரும் வரும் எண்டு பாத்தால் கடைசிவரைக்கும் வரேல்லை, இருட்டோடயே முடியுது. நான் முழுசினதைக் கண்டு அவர் சிரிச்சார். ரெண்டு வருசத்தில அந்தச் சிரிப்பைக் கண்டு நாளாச்சு. "இதை எழுதினவனும் மிசினில ஏறியிருக்கிறான்" எண்டார்.

பிறகு இந்த இழையை ஃபோனில வாசிச்சுக் காட்டினன். மயிலிட்டி அண்ணாவின்ர அப்பாவின்ர பிஸ்கற் ரின் இடத்தில கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரையாக்கும் எண்டு நிப்பாட்ட, "வாசி" எண்டார்.

முடிய, "ரோட்டுக்கரைத் துண்டு எவ்வளவு பரப்பு?" எண்டு கேட்டார். சொன்னன். "பின்பக்கம் கிணத்தோட பிள்ளைக்கு நிக்குமோ?" "நிக்கும்." கொஞ்ச நேரம் மிசினைப் பாத்துக்கொண்டிருந்தார். "பேனை வைச்சிருக்கிறியோ?" எண்டார். நொத்தாரிசுக்கு முன்னாலதான் வைக்கவேணும் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும், எண்டாலும் உத்தியோகத்தர் தந்த விண்ணப்பம் ஒண்டு பையுக்குள்ள இருந்தது, அதிலயும் அவற்ற கையெழுத்துக் கேட்டது. பேனையையும் அதையும் எடுத்து நீட்டினன்.

வாங்கிப் பாத்தார். "கையில ஊசி ஏத்திக் கிடக்கு, செவ்வாய்க்கிழமை பாப்பம்" எண்டு திருப்பித் தந்தார்.

ஊசி ஏத்தினது இடக்கையில. அவர் எழுதிறது வலக்கையால. நான் ஒண்டும் சொல்லேல்லை, பேனையைத் திரும்பப் பையுக்குள்ள வைச்சன்.

தம்பி, செவ்வாய் அதே நேரம் வாரும்.

மூன்றுசில்லு | வெள்ளி, இரவு 9.21

வருவன் அக்கா. 8.40.